கல்லில் வைத்த பூ எவ்வளவு நேரம் தாங்கும்?

பத்தொன்பது வருசமாகப் பூக்கடையில் நிற்கிறவளை ஒரு நினைவிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால், அவள் முதலில் பூவைத்தான் பார்ப்பாள். நானும் அப்படித்தான் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர். நடுவில் முக்கோணமாக ஒரு கல். கல்லின் மேல் ஒரேயொரு மஞ்சள் ஜெர்பெரா, காம்போடு கிடந்தது. சுற்றிவரக் குளம், ஆனால் அந்தக் காம்புக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எத்தனை மணிக்கு வெட்டியிருப்பார்கள், இந்தக் காற்றுக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது.

"பின்னேரத்துக்குள்ள தலை சாஞ்சிடும்" என்றேன்.

"அம்மா, இங்கயும் கடைக் கணக்கா?" என்றாள் மகள்.

பேர்லினில், நாடாளுமன்றம் இருக்கிற ரைக்ஸ்டாக் கட்டடத்துக்கும் பிராண்டன்புர்க் வாசலுக்கும் நடுவில், டியர்கார்டன் பூங்காவின் ஓரத்தில் இருக்கிறது இந்த இடம். நாட்சிகளால் கொல்லப்பட்ட ஐரோப்பாவின் சின்டி, ரோமா மக்களுக்கான நினைவிடம். 'சிந்தி' என்று எழுதினால் சிந்து மாகாணத்து ஆட்களை நினைப்பீர்கள், அதனால் சின்டி என்றே எழுதுகிறேன். ஜேர்மன் பேசும் நாடுகளிலும் அக்கம்பக்கத்திலும் அறுநூறு வருசமாக இருக்கிறவர்கள் சின்டி. கிழக்கு, தென்கிழக்கு ஐரோப்பாவில் வேரூன்றியவர்கள் ரோமா. எங்கள் ஆட்கள் 'ஜிப்ஸி' என்றுவிட்டுப் போவோம். இங்கே அதற்கு நிகரான ஜேர்மன் சொல்லை மகளின் முன்னால் வாய்தவறிச் சொன்னால் சாப்பாட்டு மேசையில் அரை மணி நேரம் வகுப்பு நடக்கும். ஔஷ்விட்ஸ் வதைமுகாமில் இவர்களின் கையில் பச்சை குத்திய இலக்கத்துக்கு முன்னால் அந்தச் சொல்லின் முதலெழுத்தைத்தான் போட்டார்கள் என்று அவள் சொன்ன நாளிலிருந்து நானும் அதைச் சொல்வதில்லை.

ஒரு நினைவிடத்துக்கு விமர்சனம் எழுதலாமா என்று எனக்கும் தயக்கம்தான். ஆனால் சனம் ஏற்கெனவே நட்சத்திரம் போடுகிறது. கைபேசி வரைபடத்தில் வழி தேடியபோது, 'சின்னக் குளம், ஐந்து நிமிசம் போதும்' என்ற மாதிரி யாரோ எழுதியிருந்ததைப் பார்த்தேன். நான் அங்கே ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில், நான் ஏன் போனேன் என்று சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது நகரத்தின் கிழக்குக் கரையில், மார்ட்ஸானில். வேலை முடிந்து எஸ்-பான் என்கிற நகர ரயிலின் ஏழாம் இலக்கத்தில் வந்து மேரோவர் அலேயில் இறங்குவேன். போன வருசம் டொக்டர் நடக்கச் சொன்னதால் ஒரு தரிப்புக்கு முன்னமே, ரவுல் வாலென்பெர்க் தெருவில் இறங்கி நடக்கத் தொடங்கினேன். அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒட்டோ ரோசன்பெர்க் சதுக்கம் என்று ஓர் இடம். படமும் எழுத்துமாகப் பலகைகள் நிற்கும். மூன்று கிழமை அதைக் கடந்து போயிருப்பேன். நாலாவது கிழமை மழைக்கு ஒதுங்க இடம் தேடியபோதுதான் நின்று வாசித்தேன்.

1936 ஜூலை 16. பேர்லினில் ஒலிம்பிக் விளையாட்டு தொடங்க இரண்டு கிழமைதான் இருக்கிறது. வெளிநாட்டு விருந்தினரின் கண்ணில் படக்கூடாது என்று, நகரத்திலிருந்த சின்டி, ரோமா குடும்பங்களைப் பொலிஸ் விடியற்காலையில் சுற்றிவளைத்துக் கொண்டுவந்து இங்கே இறக்கியது. அறுநூறு பேரளவில். ஒரு பக்கம் நகரத்தின் கழிவுநீர் பாய்ச்சுகிற வயல், மற்றப் பக்கம் சுடலை. இந்த இரண்டுக்கும் பக்கத்தில் குடியிருப்பது அவர்களின் வழக்கப்படி தீட்டு. அது தெரிந்த சனத்துக்கு அந்த இடமே தண்டனைதான். ஒட்டோ ரோசன்பெர்க்குக்கு அப்போது ஒன்பது வயது. 1943இல் அந்த முகாமிலிருந்த பெரும்பாலானவர்களை ஔஷ்விட்ஸுக்கு ஏற்றினார்கள். அவர் ஔஷ்விட்ஸையும் அதற்குப் பிறகு வந்த மற்ற முகாம்களையும் தாண்டி உயிர் பிழைத்து வந்தார். பிறகு பேர்லினில் சின்டி, ரோமா மக்களுக்கென்று சங்கம் அமைத்து, 2001இல் காலமானார். ஜேர்மன் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு மரியான்ன ரோசன்பெர்க் என்ற பாடகியைத் தெரிந்திருக்கும். அவருடைய மகள்தான்.

எத்தனையோ வருசம் அந்தத் தண்டவாளத்தின் மேல் போய் வந்திருக்கிறேன். மழை விட்டபிறகும் நான் வெளிக்கிடவில்லை. வீட்டுக்குப் போய்க் கதைத்தபோது மகள், "நாங்கள் பள்ளிக்கூடத்தில நகரத்துக்குள்ள இருக்கிற பெரிய நினைவிடத்துக்குப் போனனாங்கள், உங்களையும் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள். செப்டெம்பர் கடைசியில், எனக்கு லீவு கிடைத்த ஒரு திங்கட்கிழமை போனோம்.

வழி சுலபம், ஆனால் தவறவிடுவது அதைவிடச் சுலபம். பிராண்டன்புர்கர் டோர் ஸ்டேஷனில் இறங்கி, வாசலுக்குள்ளால் மேற்குப் பக்கம் போய், வலது கைப்பக்கம் திரும்பி ரைக்ஸ்டாக்கை நோக்கி நடக்க வேண்டும். இடது பக்கம் பூங்காவுக்குள் சிம்சன்வேக் என்று ஒரு பாதை பிரியும். நான் எதிர்பார்த்தது ஒரு உயர்ந்த தூண், அல்லது சிலை. அப்படி ஒன்றும் இல்லை. பால்நிறக் கண்ணாடித் தடுப்புகள், மரங்கள், அவ்வளவுதான் வெளியிலிருந்து தெரிகிறது. ஐந்தாறு நிமிச நடையில் தெற்கே இருக்கிற யூத மக்களின் நினைவிடத்தில் 2711 கொங்கிறீட் கட்டைகள். அதைக் காணாமல் ஒருவராலும் போக முடியாது. இதை நீங்கள்தான் தேடிப்பிடிக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் வந்த ஒரு குடும்பம் வாசலடியில் நின்று, இதுவா அது என்று தங்களுக்குள் கதைத்துவிட்டு, ரைக்ஸ்டாக்கின் கண்ணாடிக் குவிமாடத்தைப் பார்க்கப் போய்விட்டது. அறிவிப்புப் பலகை இன்னும் கொஞ்சம் தெளிவாக வைத்திருக்கலாம். இது என் முதல் குறை.

உள்ளே போனால் வெளிச்சமே மாறுகிறது. மரங்களுக்கு நடுவில் ஒரு வெட்டை. அதன் நடுவில் 12 மீற்றர் விட்டத்தில் வட்டக் குளம். அடியைக் கறுப்பாக்கியிருப்பதால் ஆழம் தெரியாது. முழங்காலளவா, கிணறா என்று சொல்லவே முடியாது. தண்ணீர் விளிம்பு வரைக்கும் நிரம்பி, அசையாமல் கிடக்கிறது. கிட்டப் போய்க் குனிந்தால் உங்கள் முகம் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்றால் மரக்கிளைகள். இன்னொரு பக்கத்துக்கு நடந்தால் ரைக்ஸ்டாக்கின் கட்டடம் தலைகீழாக அந்தத் தண்ணீருக்குள் கிடக்கிறது. இதைத் திட்டமிட்டுத்தான் செய்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். நாடாளுமன்றத்துக்கு இவ்வளவு பக்கத்தில், அதன் நிழல் விழுகிற மாதிரி ஒரு குளத்தை யாரும் தற்செயலாக வெட்டுவதில்லை.

வடிவமைத்தவர் இஸ்ரேலியச் சிற்பி டானி கரவான். நடுக்கல் முக்கோணமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முகாம்களில் கைதிகளின் சட்டையில் முக்கோணத் துணி தைத்திருப்பார்கள். நிறத்தை வைத்து ஆள் என்ன வகை என்று பிரிப்பார்கள். சின்டி, ரோமா ஆட்களுக்குப் பெரும்பாலும் கறுப்பு, சில இடங்களில் மண்ணிறம். கறுப்பு என்றால் 'சமூகத்துக்கு ஒவ்வாதவர்' என்று அர்த்தம். அந்த முக்கோணத்தைத்தான் கல்லாக்கி, அதன் மேல் பூவை வைத்திருக்கிறார் கரவான். குளத்தின் விளிம்பைச் சுற்றிக் கவிதை ஓடுகிறது. இத்தாலிய ரோமா கவிஞரும் இசைக்கலைஞருமான சந்தினோ ஸ்பினெல்லி எழுதியது. தலைப்பு 'ஔஷ்விட்ஸ்'. மிகச் சின்னக் கவிதை, மொத்தமாக ஒரு மூச்சுக்குள் அடங்கும். ஆனால் வட்டமாக எழுதியிருப்பதால் வாசிக்க நீங்கள் நடக்க வேண்டும். நடந்தால்தான் அடுத்த சொல் வரும். எனக்கு ஒரு சுற்று போதவில்லை. கோயிலை வலம் வருகிற மாதிரி மூன்று தரம் சுற்றினேன்.

இதற்கிடையில் ஒரு சத்தம். முதலில் தெருவில் ட்ராம் பிறேக் போடுகிறது என்று நினைத்தேன். இந்தப் பக்கம் ட்ராமே இல்லை என்று மகள் சொன்னாள். வயலின். மெலடி என்று சொல்ல ஏலாது, ஒரே சுரம், இழுத்துக்கொண்டு போகும், நிற்கும், பிறகு இன்னொன்று. ரோமியோ ஃபிரான்ஸ் என்ற சின்டி இசைக்கலைஞர் அமைத்தது. அவர் பிறகு ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அந்த இசையின் பெயர் 'மாரே மனுஷெங்கே'. எங்கள் மனுசருக்காக என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எனக்கு மயிர் கூச்செறிந்தது. மனுஷ்! ரோமானி மொழி இந்தியாவில் பிறந்த மொழிதான். அதன் வேர் எங்கே இருக்கிறது என்று ஐரோப்பிய அறிஞர்கள் கண்டுபிடித்து இருநூறு வருசத்துக்கு மேலாகிறது. தண்ணீருக்குப் பானி, மூக்குக்கு நாக், மரத்துக்கு ருக் என்று சொல்கிறார்களாம். பூவுக்கு என்ன என்று தொழில் ஆசையில் தேடினேன். லுலுதி. அது கிரேக்கத்தில் இருந்து எடுத்த சொல். வழியெல்லாம் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு சொல்லை எடுத்துக்கொண்டு வந்த சனம், பூவைக் கிரேக்கத்தில் எடுத்திருக்கிறது.

வயலினைப் பற்றிக் குறை சொல்லவும் இருக்கிறது. சத்தம் போதாது. கூட்டிவைத்தால் அழகு கெட்டுவிடும் என்பது விளங்குகிறது. ஆனால் பக்கத்தில் சுற்றுலா பஸ் போகும்போதும், பிராண்டன்புர்க் வாசலில் யாராவது ஒலிபெருக்கியோடு ஆர்ப்பாட்டம் செய்யும்போதும் (பேர்லினில் அது இல்லாத நாள் ஏது?) வயலின் அப்படியே மூழ்கிப்போகும். காலை நேரம் போனால் ஆறுதலாகக் கேட்கலாம்.

குளத்தைச் சுற்றி நிலத்தில் ஒழுங்கில்லாத கற்பலகைகள், உடைந்த ஓடுகளைப் போலப் பதித்திருக்கின்றன. பல கற்களில் வதைமுகாம்களினதும் கொலை நடந்த இடங்களினதும் பெயர்கள். குனிந்துதான் வாசிக்க வேண்டும். எனக்குத் தெரிந்தவை கொஞ்சம், கேள்வியே படாதவை கனக்க. என் நாரி ஏற்கெனவே பூ வாளி தூக்கித் தூக்கிப் போனது, அதனால் எல்லாவற்றையும் வாசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பெயர்மேல் காலை வைக்க மனம் வராமல் இடுக்கில் இருந்த புல்லில் கால் வைத்து நடந்தேன். மற்றச் சனமும் யாரும் சொல்லாமலேயே அப்படித்தான் நடந்தது.

கொலையுண்டவர்களின் தொகையை 5 இலட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். குறைவாகக் கணக்கிடுகிற ஆய்வாளர்கள் 2 இலட்சத்திலிருந்து தொடங்குகிறார்கள். இவ்வளவு இடைவெளி ஏன் என்றால், கிழக்கில் ஊரூராகப் போய்ச் சுட்டுப் புதைத்தபோது யாரும் பட்டியல் வைக்கவில்லை. பட்டியல் உள்ள இடத்தில் கணக்குத் துல்லியம். ஔஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏறக்குறைய 23,000 பேர். அதன் பகுதியான பிர்கெனோவில் குடும்பம் குடும்பமாக அடைத்து வைத்திருந்த முகாமை 1944 ஓகஸ்ட் 2 இரவு ஒழித்துக்கட்டினார்கள். எஞ்சியிருந்த நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் வயதானவர்கள், பெண்கள், பிள்ளைகள், அந்த ஒரே இரவில் நச்சுவாயுவில் போனார்கள். அதனால்தான் ஓகஸ்ட் 2 அவர்களின் நினைவுநாள்.

கண்ணாடித் தடுப்பில் வருசவாரியாக வரலாறு எழுதியிருக்கிறது. உள்ளடக்கம் நன்று, வாசிப்பதுதான் பாடு. வெயில் விழுந்தால் எதிர்ப்பக்கத்து மரமும் உங்கள் ஜக்கெட்டும் எழுத்தின் மேல் தெரியும். கண்ணாடி போட்டிருக்கிற ஐம்பது வயதுக்காரிக்கு அது வாசிக்கிற மாதிரி இல்லை. மகள் உரத்து வாசித்தாள், நான் கேட்டேன்.

நான் எழுத நினைத்த முக்கியமான விசயம் இந்த நினைவிடம் வந்த கதை. போர் முடிந்தது 1945இல். இது திறக்கப்பட்டது 2012 ஒக்டோபர் 24இல். 67 வருசம். நடுவில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அந்தப் பூவின் பாரம் தெரியும். 1956இல் மேற்கு ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம் என்ன தீர்ப்புச் சொன்னது தெரியுமா? 1943க்கு முன்னால் இந்தச் சனத்துக்கு நடந்தது இனவெறிக் கொடுமை அல்ல, குற்றத் தடுப்பு நடவடிக்கை, ஆகவே நட்டஈடு கிடையாது என்று. முகாமிலிருந்து தப்பி வந்தவன் அலுவலகத்துக்குப் போனால், அவனை முகாமுக்கு அனுப்பக் காகிதம் எழுதிய அதே ஆட்கள் கதிரையில் இருந்த காலம் அது. 1980 ஈஸ்டருக்கு டாகௌவில் இருந்த பழைய நாட்சி முகாமுக்குள் சின்டி ஆட்கள் சிலர் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 1982 மார்ச் 17இல் சான்சலர் ஹெல்முட் ஷ்மிட் இது இனப்படுகொலை என்று அரசின் சார்பில் ஏற்றுக்கொண்டார். முப்பத்தேழு வருசம் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

நினைவிடம் கட்டுவோம் என்று 1990களின் தொடக்கத்திலேயே பேச்சு வந்துவிட்டது. பிறகு எந்த இடத்தில் என்று இழுபறி. எந்தச் சொல்லைக் கல்லில் பொறிப்பது என்று பெரிய சண்டை. ஹைடல்பெர்கில் இருக்கிற ஜேர்மன் சின்டி ரோமா மத்திய சபை, அந்தப் பழைய வசைச்சொல் கூடவே கூடாது என்றது. இன்னொரு சின்டி அமைப்பு, ரோமா, சின்டி என்ற இரண்டுக்குள் அடங்காத மற்றக் குழுக்களும் செத்தன, அவர்களை விடக்கூடாது, அந்தச் சொல்லே இருக்கட்டும் என்றது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெறும் பெயர்ச் சண்டை. ஆனால் கல்லில் எந்தப் பெயரோடு இருப்போம் என்று அடிபடாத சனம் எங்கேயும் இல்லை. கடைசியில் வரலாற்றாசிரியர்களைக் கொண்டு காலவரிசையை எழுதுவித்துத்தான் அதைத் தீர்த்தார்கள். கட்டத் தொடங்கியது 2008 டிசெம்பரில். அதற்குப் பிறகும் கலைஞருக்கும் கட்டட நிர்வாகத்துக்கும் ஒத்துவராமல் வேலை நின்று நின்றுதான் நடந்தது. இந்த நகரத்தில் ஒரு விமான நிலையத்தை வருசக்கணக்காக இழுத்துக் கட்டிய கதை தெரிந்தவர்கள் இதைக் கேட்டு வியக்க மாட்டார்கள்.

திறப்புவிழாவுக்கு அங்கெலா மேர்க்கல் வந்தார், ஜனாதிபதி யோஆகிம் கௌக் வந்தார். பேசியவர்களில் ஒருவர் நெதர்லாந்திலிருந்து வந்த ஸோனி வைஸ் என்ற சின்டி முதியவர். அடுத்த நாள் கடையில் இந்தப் பெயரைச் சொன்னவுடன் எங்கள் முதலாளியம்மா கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "அவரை எங்கள் தொழிலில் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது. ஸோனி வைஸ் ஒரு பூ அலங்காரக் கலைஞர்! நெதர்லாந்து அரச குடும்பத்து விழாக்களுக்குப் பூ வைத்தவர்.

1944 மே மாதத்தில் அவருக்கு ஏழு வயது. நெதர்லாந்து முழுக்க ஒரே நாளில் சுற்றிவளைத்தபோது தாய், தகப்பன், தங்கச்சிமார், தம்பி எல்லோரும் பிடிபட்டார்கள். இவர் சித்தி வீட்டில் இருந்ததால் முதலில் தப்பினார். பிறகு இவர்களும் அகப்பட்டு, அதே ரயிலில் ஏற்ற ஸ்டேஷனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே நின்ற பொலிஸ்காரர் ஒருவர், தான் தொப்பியைக் கழற்றினால் ஓடுங்கள் என்று முன்னமே சொல்லிவைத்திருந்தார். மாடு ஏற்றுகிற அந்த ரயில் பெட்டியின் கம்பிக்கு முன்னால் தங்கச்சியின் நீல மேலங்கி தொங்கியதைச் சிறுவன் கண்டான். தொப்பி கழன்றது. சித்தியோடு பாய்ந்து, புறப்பட்டுக்கொண்டிருந்த வேறு ரயிலில் ஏறினான். நீல அங்கி போன ரயில் ஔஷ்விட்ஸுக்குப் போனது. குடும்பத்தில் ஒருவரும் திரும்பவில்லை. அந்த மே 19 ரயிலைத்தான் ஒருவர் படம் பிடித்தார். தலையில் வெள்ளைத் துணி கட்டிய சிறுமி ஒருத்தி கதவிடுக்கால் எட்டிப் பார்க்கிற காட்சி, பார்த்திருப்பீர்கள், புத்தகங்களில் எல்லாம் வரும். ஐம்பது வருசமாக யூதச் சிறுமி என்றே உலகம் நினைத்திருந்தது. 1994இல்தான் அவள் சின்டிப் பிள்ளை, பெயர் செட்டெலா ஸ்டைன்பாக் என்று ஒரு டச்சுப் பத்திரிகையாளர் கண்டுபிடித்தார்.

அந்தச் சிறுவன் வளர்ந்து பூக்காரனானான். தினமும் பூ மாற்றுகிற நினைவிடத்தைத் திறக்கும் நாளில் வந்து பேசினான். முதலாளியம்மாவும் நானும் அன்றைக்கு மலர்வளையத்துக்குக் கம்பி கட்டியபடி வெகுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

ஆம், பூ தினமும் மாறுகிறது. நாங்கள் மத்தியானம் நின்றதால் அதைப் பார்க்கக் கிடைத்தது. கல் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கத் தொடங்கியது. பூவும் அதோடு போனது. பிறகு கொஞ்ச நேரம் குளத்தில் ஒன்றுமே இல்லை. கறுப்புத் தண்ணீர் மட்டும். கீழே ஒரு அறை இருக்கிறது, அங்கே கையால்தான் புதுப்பூவை வைக்கிறார்கள். கல் மேலே வந்தபோது வெள்ளைக் கார்னேஷன். கை தட்டலாமா என்று ஒரு சுற்றுலாக்காரர் யோசித்துக் கையை மடக்கிக்கொண்டார். எனக்குப் பிடித்தது, அந்த நடுவிலுள்ள வெறும் நேரம்தான். சுற்றிநின்ற ஒருவரும் அசையவில்லை. கைபேசியைத் தூக்கியிருந்தவர்களும் அப்படியே நின்றார்கள்.

எங்கள் தொழிலில் நவம்பர்தான் நினைவு மாதம். செத்தவர்களின் ஞாயிறு வரும்போது கடையில் கால் வைக்க இடமிருக்காது. கல்லறைக்கென்று செய்கிற அலங்காரத்தில் நாங்கள் தேடித்தேடி வாடாததைத்தான் வைப்போம்: ஊசியிலைக் கொப்பு, காய்ந்த காய், பாசி. வாங்குகிறவர் மூன்று மாதத்துக்கு அந்தப் பக்கம் போகத் தேவையில்லை, அதற்குத்தான் காசு. இங்கே அதற்கு நேர் எதிராக, ஒரு நாள் தாங்காத பூவை வைத்து, நாளைக்கு யாரோ ஒருவர் வந்தே ஆகவேண்டும் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். சனி, ஞாயிறு, கிறிஸ்மஸ், புதுவருசம், எல்லா நாளும்.

குறைகளில் ஒன்று மிச்சம் இருக்கிறது, அது நினைவிடத்தின் பிழை அல்ல. 2020இலிருந்து இதற்குக் கீழேயும் அருகேயும் புதிய எஸ்-பான் சுரங்கம் வரப்போகிறது என்று பிரச்சினை. பிரதான ரயில் நிலையத்தையும் பொட்ஸ்டாமர் பிளாட்ஸையும் இணைக்கிற பாதை. மரங்கள் வெட்டுப்படும் என்று தெரிந்தவுடன் ரோமா அமைப்புகள் தெருவுக்கு வந்தன. கரவானும் எதிர்த்தார், மரங்கள் நினைவிடத்தின் பாகம் என்று. 2021இல் அவர் காலமானார். நான் தினமும் எஸ்-பானில் நெரிபட்டுப் போகிறவள், புதுப் பாதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அங்கே ஒன்றே முக்கால் மணி நேரம் நின்ற பிறகு சொல்கிறேன்: அந்த மரங்கள் இல்லாவிட்டால் அது தெருவோரத்துத் தண்ணீர்த் தொட்டிதான்.

சில்லறை விபரம். ரிக்கெட் கிடையாது, காசு தேவையில்லை. உள்ளே கதிரை கிடையாது, குளத்து விளிம்பில் குந்தவும் வேண்டாம், வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போவதானால் யோசியுங்கள். தள்ளுநாற்காலியில் வருபவர்களுக்குக் கற்பலகைகளின் இடுக்கு கொஞ்சம் சிரமம் தரும். சாப்பிட்டுக்கொண்டு உள்ளே வராதீர்கள். அன்றைக்கு ஒருவர் சாண்ட்விச் கடித்தபடி குளத்தைச் சுற்றினார், மகள் பார்த்த பார்வையில் பையில் வைத்துவிட்டார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், பயப்படுத்துகிற படம் ஒன்றும் இல்லை. நேரம் இருந்தால் மார்ட்ஸானுக்கும் வாருங்கள். சுடலைக்குள் 1986இல் வைத்த நினைவுக்கல் இருக்கிறது, சதுக்கத்துப் பலகைகளும் இருக்கின்றன. கூட்டம் இருக்காது. நட்சத்திரம்? கைபேசி ஐந்துக்குக் கேட்டது, நான் போடாமல் மூடிவிட்டேன்.

பூவைத் தேர்ந்தெடுக்கிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. இதை அவருக்கு யாராவது ஜேர்மனில் சொன்னால் நல்லது. கோடையில் என்னவும் வையுங்கள். ஆனால் ஜனவரியில் ஜெர்பெரா வேண்டாம். அதன் காம்பு சதைப்பற்று, உள்ளே பொள்ளல், ஒரு உறைபனிக்கே கண்ணாடி மாதிரியாகி மடிந்துவிடும். கார்னேஷன் தாங்கும், தண்ணீர் இல்லாமலும் கிடக்கும். இன்னும் நல்லது கிறிஸ்ட்ரோஸ். பனிக்குள்ளேயே பூக்கிற சாதி அது. காம்பைக் கத்தியால் நீளத்துக்கு மெல்லக் கீறி, இரவு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் கழுத்துவரை நிற்கவிட்டு, பிறகு கல்லில் வையுங்கள்.